வாசலில் நின்றே பருவங்களைப் படிப்பது எப்படி?

பருவங்கள் மேல் எனக்கு ஆசை பிறந்தது ஒரு பென்சில் கோட்டால். ஒருநாள் காலை எட்டு மணிக்குச் சன்னல் வழியே வந்த வெயில் எதிர்ச் சுவரில் நீள்சதுரமாக விழுந்திருந்தது. அதன் இடது விளிம்பு முடியும் இடத்தில் சும்மா ஒரு கோடு போட்டு வைத்தேன். பத்து நாள் கழித்து அதே எட்டு மணிக்குப் பார்த்தால், வெளிச்சம் கோட்டை விட்டு நான்கு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. சன்னல் நகரவில்லை, சுவரும் நகரவில்லை. சூரியன் வானத்தில் நிற்கும் இடம்தான் நகர்ந்திருந்தது. இத்தனை வருடம் அந்த அறையில்தான் இருந்தேன்; ஒருநாளும் இது என் கண்ணில் பட்டதில்லை.

வானிலையை ரசிப்பது என்றால் மலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பிப் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழகான ஓரிடத்தில் ஒருநாள் நிற்பவரைவிட, பழகிய இடத்தில் முந்நூறு நாள் நிற்பவருக்கு வானம் கூடுதலாகவே காட்டுகிறது. எது வழக்கம் என்று தெரிந்தவருக்குத்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று புரியும். மூடுபனியோ ஆலங்கட்டியோ நிலாவைச் சுற்றிய வட்டமோ வரும்போது, அது ஏன் இன்று வந்தது என்று கேட்கத் தோன்றும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கொஞ்சம் அடிப்படை தெரிந்தால் போதும்.

பருவம் ஏன் மாறுகிறது?

பூமி சூரியனுக்கு அருகில் போனால் வெயில் காலம், விலகினால் குளிர்காலம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது இடைவெளி சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். வட பாதிக் கோளம் நடுங்கிக்கொண்டிருக்கும் மாதத்தில்தான் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உண்மையான காரணம் பூமியின் சாய்வு. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஆண்டின் ஒரு பாதியில் வட பகுதியும் மறு பாதியில் தென் பகுதியும் சூரியனை நோக்கிச் சாய்கின்றன. சாய்ந்த பக்கத்தில் வெயில் நேராக விழுகிறது, பகலும் நீள்கிறது. நேராக விழுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கைத் தரையை நோக்கிச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். சிறிய, பளிச்சென்ற வட்டம் விழும். விளக்கைச் சாய்த்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்கிவிடும். பூமியின் மேல் வெயிலும் இப்படித்தான் விழுகிறது.

சூரியன் எழும் இடம் ஜூன் 21-ஐ ஒட்டி வடகோடிக்கும், டிசம்பர் 21-ஐ ஒட்டித் தென்கோடிக்கும் போய்த் திரும்புகிறது. கோடியை நெருங்கும்போது நகர்வு மிகவும் மெதுவாகி, சில நாட்கள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நகர்வு வேகம். என் சுவர்க் கோட்டைப் பத்தே நாளில் வெளிச்சம் அத்தனை தூரம் தாண்டியது மார்ச் மாதத்தில்தான். டிசம்பரில் கோடு போட்டிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்று அழித்திருப்பேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பகல் மிக நீண்ட நாளும் வெப்பம் உச்சமடையும் நாளும் ஒன்றல்ல. அடுப்பை முழுவதும் திறந்து வைத்தாலும் பாத்திரத்து நீர் சூடேறச் சிறிது நேரம் பிடிக்கிறது அல்லவா? நிலமும் அதைவிடக் கடலும் அப்படியே தாமதமாகச் சூடேறி, தாமதமாக ஆறுகின்றன. அதனால் பல இடங்களில் வெப்பத்தின் உச்சம் நீண்ட பகலுக்குச் சில வாரங்கள் கழித்தே வருகிறது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பகலின் நீளம் பெரிதாக மாறாது. சூரியன் உச்சிக்கு வரும் பகுதியைப் பின்தொடர்ந்து மழைப் பட்டையும் வடக்கும் தெற்குமாக நகர்வதால், மழைக்காலமும் வறண்ட காலமும்தான் பெரிய பருவங்கள். கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையில் வாழ்பவர்களுக்கு ஒரு தனிப் பரிசும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அந்த ஒரு சில நிமிடங்கள் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. முதன்முறை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாட்காட்டி பருவத்தின் பெயரைச் சொல்லும். பருவம் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்பதை மரம்தான் சொல்லும். எனவே தினமும் கடந்து போகும் ஏதாவது ஒரு மரத்தை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. முதல் மொட்டு எப்போது, முதல் பூ எப்போது, இலை உதிரத் தொடங்கியது எப்போது, தளிர் எந்தப் பக்கத்துக் கிளையில் முதலில் வந்தது. இவ்வளவுதான் கவனிக்க வேண்டும். தளிரைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு: அது பெரும்பாலும் ஒரே நாளில் வருவதுபோல் தெரியும். உண்மையில் அதற்கு முந்தைய வாரமே கிளைநுனிகள் லேசாகப் புடைத்து நிறம் மாறியிருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் மரம் முழுவதும் ஒரு செம்மை படர்ந்ததுபோல இருக்கும். அந்தச் செம்மையைப் பிடித்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

செடி கொடிகளும் பறவை பூச்சிகளும் ஆண்டுதோறும் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன செய்கின்றன என்று குறித்து ஆராய்வதற்கு ஃபீனாலஜி என்று பெயர். தமிழில் பருவநிகழ்வியல் என்று சொல்லலாம். பெயர் பெரிதாக இருந்தாலும் இதைத் தொடங்கியவர்கள் வாசலில் நின்று பார்த்தவர்களே. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் தன் நிலத்தில் முதல் பூ, முதல் இலை, முதல் குயிலோசை என்று தேதி குறிக்கத் தொடங்கினார். அவருடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைத் தொடர்ந்து, 1958 வரை எழுதிவைத்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களின் குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அரசவையினரும் துறவிகளும் விருந்துக்காகவும் விழாவுக்காகவும் எழுதிவைத்த நாட்குறிப்புகள் அவை. 2021-இல் அங்கே மரங்கள் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாகப் பூத்துக் குலுங்கின. அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்பில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்ததற்கு, பூவை ரசித்த யாரோ ஒருவர் தேதியையும் எழுதிவைத்ததுதான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

மழை வரும் அந்தப் பத்து நிமிடம்

வானிலையில் எனக்கு மிகப் பிடித்தது மழை அல்ல, மழைக்கு முந்தைய பத்து நிமிடம். அதை ஒருமுறை மெதுவாகப் பார்ப்போம்.

புழுக்கமான பிற்பகல். காற்று அடங்கிக் கிடக்கிறது. ஒரு பக்கத்து வானம் கருத்துக்கொண்டு வருகிறது. தொலைவில் உறுமல். இலை அசையாத அந்த அமைதி திடீரென்று உடைந்து, விசுவிசுவென்று ஒரு குளிர்காற்று தெருவுக்குள் புகுகிறது. சருகுகள் சுழல்கின்றன. மரத்து இலைகள் புரண்டு வெளிறிய அடிப்பக்கம் தெரிகிறது. கதவுகள் அறைந்துகொள்கின்றன. வெப்பம் சில நிமிடங்களில் சட்டென்று இறங்கிவிடுகிறது. இன்னும் ஒரு துளிகூட விழவில்லை.

இந்தக் குளிர்காற்று எங்கிருந்து வருகிறது? அந்தக் கருமேகத்தின் அடியில், சற்றுத் தொலைவில், மழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கிறது. விழும் துளிகள் காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு வருகின்றன. துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது இன்னும் வேகமாக இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் விரிகிறது. கொட்டிய நீர் தரையில் பரவுவதுபோல. அதன் முன்விளிம்புதான் உங்கள் கன்னத்தில் பட்ட குளிர்.

அதே காற்றில்தான் மண்வாசனையும் வருகிறது. இந்த மணத்துக்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். வறண்ட நாட்களில் செடிகள் வெளியிடும் எண்ணெய்கள் மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடக்கின்றன. அவற்றோடு ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்கிறது. ஸ்ட்ரெப்டோமைசீஸ் முதலான மண் நுண்ணுயிரிகள் உண்டாக்குவது அது. மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். துளி மண்ணில் விழும்போது அதன் அடியில் சிக்கிய காற்று நுண்ணிய குமிழிகளாக மேலெழுந்து வெடித்து, மணத்தைக் காற்றில் தெறிக்க விடுகிறது. இதை அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 2015-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிதமான மழையில் இது அதிகம் நடக்கிறது; கனமழையில் குறைகிறது. பெருமழையில் மண்வாசனை எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, உங்கள் தெருவில் மழை விழுவதற்கு முன்பே மணக்கிறதென்றால், காற்று வரும் திசையில் எங்கோ மண் ஏற்கெனவே நனைந்துவிட்டது.

பிறகு முதல் துளிகள். பட், பட் என்று அகலமாக, இடைவெளி விட்டு விழும். பெரிய துளிகள் முதலில் வந்து சேருவதற்குக் காரணம் அவற்றின் வேகம். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அரை மில்லிமீட்டர்த் துளிக்கு 2 மீட்டர்தான். ஒரே மேகத்திலிருந்து கிளம்பினாலும் பெரியவை முந்திக்கொள்கின்றன.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் வரும்வரை எத்தனை நொடி ஆகிறதோ அதை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். எண்ணிக்கை அடுத்தடுத்துக் குறைந்தால் மேகம் உங்களை நோக்கி வருகிறது. ஆனால் இதை வீட்டுக்குள் இருந்து செய்யுங்கள். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் தாக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருப்பது நல்லது. மரத்தடி அடைக்கலம் ஆகாது.

எப்போதாவது வரும் விருந்தாளிகள்

மூடுபனி எப்போது வரும் என்று முந்தைய மாலையே ஓரளவு ஊகிக்கலாம். பகலில் மண் ஈரமாக இருந்து, இரவில் வானம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் வாய்ப்பு அதிகம். மேகப் போர்வை இல்லாததால் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக் காற்று நுண்துளிகளாகத் திரள்கிறது. பார்வை ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால் அதை மூடுபனி என்று வானிலையாளர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட காலையில் ஒன்றைக் கவனியுங்கள். புல்வெளி முழுக்கப் பனித்துளி பூத்திருக்கும். மரத்தடிப் புல் மட்டும் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். மரம் தரைக்கும் வானத்துக்கும் நடுவில் கூரைபோல நின்று, தரையின் வெப்பம் தப்பிப் போகாமல் பார்த்துக்கொண்டது. காலால் தடவிப் பார்த்தாலே எல்லைக்கோடு தெரியும்.

நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால் முதலில் கையை நீட்டி அளந்துவிடுங்கள். கையை முழுதாக நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே வானத்தில் சுமார் 20 பாகை அடங்கும். நிலாவின் மேல் ஒரு நுனியை வைத்தால் மறுநுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடுகிறதா? அப்படியென்றால் அது 22 பாகை வட்டம். மிக உயரத்தில், மெல்லிய துணிபோலப் பரவிய மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி வளைந்து உண்டானது. நிலாவை ஒட்டி வண்ணத் தட்டுபோல் சிறிதாகத் தெரிந்தால் அது வேறு; அதைவிடத் தாழ்வான மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறவிட்டு உண்டாக்குவது. 'அகல்வட்டம் பகல்மழை' என்ற பழமொழி இந்தப் பெரிய வட்டத்தைத்தான் சொல்கிறது. பெரும் மழை அமைப்புகளுக்கு முன்னோடியாக அந்த மெல்லிய உயர மேகம் பல நேரம் வருவதால், பழமொழிக்கு அடிப்படை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பலிக்காது. பலிக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதே தனிச் சுகம்.

வானவில்லைத் தேடிப் போகவே முடியும் என்பது பலருக்குத் தெரியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால், மழை முகத்துக்கு எதிரே. உங்கள் தலையின் நிழல் விழும் திசைதான் வில்லின் நடுமையம். அதைச் சுற்றி 42 பாகையில் வில் நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு மழைவில் தெரியாது. எனவே காலையிலும் மாலையிலும் வெயிலோடு மழை பெய்தால், உடனே சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் வெளியே இரண்டாவது வில்லும் மங்கலாகத் தெரியும். அதில் நிறங்கள் தலைகீழ் வரிசையில் இருக்கும். இரண்டு வில்லுக்கும் இடைப்பட்ட வானம் மற்ற இடங்களைவிட இருண்டிருக்கும்.

ஆலங்கட்டி மழை நின்றதும், கனமாக ஒன்று கிடைத்தால் ஓடிப்போய் எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெங்காயம்போல் அடுக்கடுக்காக, பால்வெள்ளை ஒன்று, கண்ணாடி ஒன்று என்று வளையங்கள் தெரியும். நீர் வேகமாக உறைந்த அடுக்கில் காற்றுக்குமிழிகள் சிக்கி வெண்மையாகின்றன. மெதுவாக உறைந்த அடுக்கு தெளிவாக இருக்கிறது. மேகத்துக்குள் அது கடந்து வந்த பாதை உங்கள் உள்ளங்கையில் உருகிக்கொண்டிருக்கும்.

உங்கள் தெருவுக்குள்ளேயே பல வானிலைகள்

வெயில் தாழ்ந்த ஒரு மாலையில் தெருவை ஒருமுறை கைகளால் தொட்டபடி நடந்து பாருங்கள். மேற்குப் பார்த்த சுவரில் உள்ளங்கையை வையுங்கள். பகலில் வாங்கிய வெப்பத்தை இன்னும் விட்டுக்கொண்டிருக்கும். நாலடி தள்ளி மரத்தடி மண்ணைத் தொட்டால் குளிர்ச்சி. பள்ளமான இடத்தில் இறங்கும்போது கணுக்காலில் குளிர் ஏறும், ஏனென்றால் இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர்போல் பள்ளம் பார்த்து வடிகிறது. கட்டடங்களுக்கு இடையே உள்ள சந்தில் காற்று நெருக்குண்டு வேகம் பிடிக்கும். வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை நிழலில், காற்றோட்டமான ஓரிடத்தில், ஒரே உயரத்தில் அளந்தது. உங்கள் சுவருக்கும் உங்கள் மரத்துக்கும் தனித்தனி அறிக்கை இருக்கிறது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

குறிப்பேடு

தேதி, வானம், காற்று, கண்ணில் பட்ட ஒன்று. ஒரு நாளுக்கு ஒரே வரி போதும். நீளமாக எழுதத் திட்டமிட்டவர்கள் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள்.

காற்றுக்கு நம் மொழியிலேயே அழகான பெயர்கள் இருக்கின்றன. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: காற்று போகும் திசையை அல்ல, வரும் திசையை எழுத வேண்டும். மேகங்களுக்கு மூன்று குடும்பப் பெயர்கள் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். லண்டனில் மருந்து தயாரித்து விற்றுவந்த லூக் ஹவர்ட் 1802-இல் கொடுத்த பெயர்களே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இழையிழையாக உயரத்தில் இருப்பது சிர்ரஸ், குவியலாக எழும்புவது குமுலஸ், விரிப்பாகப் பரவுவது ஸ்ட்ரேட்டஸ். மழையை அளக்க, பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்தவெளியில் வைத்து அளவுகோலால் அளந்தால் போதும். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இது தெரிந்தபின், 50 மில்லிமீட்டர் மழை என்ற செய்தியைப் படிக்கும்போது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐம்பது லிட்டர் என்று மனக்கண்ணில் ஓடும்.

குறிப்பேடு தடித்துக்கொண்டே போகும்போது ஒரு கேள்வி எழும். இந்த ஆண்டு பூ சீக்கிரம் வந்துவிட்டதே, காலநிலை மாறிவிட்டதா? வானிலை என்பது இன்றைய நிலவரம். காலநிலை என்பது பொதுவாக 30 ஆண்டுக் கணக்கின் சராசரி. ஒரு வெப்பமான வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் மார்ஷம் குடும்பத்தின் குறிப்புகள்போல் ஒரே மரத்தின் தேதிகள் ஆண்டாண்டாகச் சேர்ந்தால், அதில் போக்கு தெரியத் தொடங்கும். வழக்கத்துக்கு மாறான வானிலையைப் பார்த்து மகிழும்போதே, அதே மழை வேறொருவர் வீட்டுக்குள் புகுந்திருக்கலாம் என்ற நினைவும் எனக்கு வருகிறது. அதையும் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்ற வரி, அடுத்த மழைக்கு முன் ஒருவருக்காவது உதவும்.

அந்தப் பென்சில் கோட்டுக்கு வருகிறேன். மார்ச்சில் அதைத் தாண்டிப் போன வெளிச்சம் ஜூனில் சுவரின் மூலையருகே போய்ச் சில நாள் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கி, செப்டம்பர் கடைசியில் மறுபடியும் கோட்டுக்கு மிக அருகில் வந்தது. சூரியன் வானத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது. ஆனால் மார்ச்சில் சில்லென்றிருந்த சுவர் செப்டம்பரில் வெதுவெதுப்பாக இருந்தது. மார்ச்சில் மொட்டுவிட்டிருந்த சன்னலோர மரம் இப்போது அடர்ந்து, வெயில் சதுரத்தின் பாதியை இலை நிழலால் நிரப்பியிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, இரண்டுக்கும் தேதி எழுதினேன்.